ஒழுங்கை முழுக்க நல்ல தண்ணி

அந்தப் படிவத்தின் தலைப்பை நான் மூன்று தரம் வாசித்தேன். "உலகப் பிரஜைகளாக நாம்: நிலைபேறான அபிவிருத்திக்கான பாடசாலைச் செயற்றிட்டம்." நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்றாலும் வாசிகசாலைப் பத்திரிகையைத் தினமும் பார்க்கிறவன். ஒவ்வொரு சொல்லும் தனியாகப் புரிந்தது. சேர்த்து வாசித்தபோதுதான் மனம் ஒப்பவில்லை.

பத்தாம் ஆண்டு படிக்கும் என் இளைய மகள் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்தைப் போடுங்கோ அப்பா. நாளைக்குக் குடுக்க வேணும்."

"உதென்ன பிள்ளை, உலகப் பிரஜை?"

"உலகத்திலை இருக்கிற எல்லாரும் ஒரு ஊர்ச் சனம் மாதிரி எண்டு நினைச்சு நடக்கிறது. பாடத்திலை இருக்கு."

"பிரஜாவுரிமை ஏதும் குடுக்கப் போகினமோ?"

அவள் சிரித்தாள். குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது: "எந்த நாட்டுப் பிரஜாவுரிமை? கனடாவோ?"

அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் பிரஜாவுரிமை என்ற சொல் வெளிநாட்டுத் தொலைபேசியில்தான் வரும். "கிடைச்சிட்டுது" என்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஆட்கள் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை வருவார்கள். காணி விற்க இன்னொரு முறை வருவார்கள். பிறகு வருவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை அதற்குப் பழக்கத் தொடங்கிவிட்டார்களோ என்றுதான் என் புத்தி முதலில் போனது.

படிவத்தின் உள்ளே போனால் இன்னும் மோசம். தோட்டம் எத்தனை பரப்பு? கிணறு யாருடைய பேரில் இருக்கிறது? எவ்வளவு ஆழம்? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இறைக்கிறீர்கள்? ஒரு போகத்துக்கு எத்தனை மூட்டை உரப் பசளை போடுகிறீர்கள்? கடைசியில் கையெழுத்து.

உலகம் முழுவதும் ஒரே ஊர் என்று படிப்பிக்கிறவர்களுக்கு உரும்பிராய் என்ற எங்கள் ஊரில் என் கிணற்றின் ஆழம் எதற்கு?

என் வயதுக்காரருக்கு இந்த யோசனை ஏன் வருகிறது என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே போனார்கள், எப்போது திரும்பி வந்தார்கள் என்று எழுதியிருக்கிறோம். எழுதிக் கொடுத்த தாள் பிறகு எங்கே போனது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் எதிலும் கையெழுத்து வைக்க முதல் ஒரு நாள் பொறுப்பது என் வழக்கம்.

"நாளைக்குக் காலமை போடுறன்" என்றேன்.

"ஒரு கையெழுத்துக்கு ஒரு ராத்திரியோ?" என்று சொல்லிவிட்டு மகள் போய்விட்டாள்.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான பாதையில், ஏழு வீடு. ஏழு வீட்டுக்கும் பின்னால் செம்மண் தோட்டம், தோட்டத்துக்கு ஒரு கிணறு. அடுத்த வீட்டு அண்ணை என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் இரண்டு காணிக்கும் நடுவே உள்ள வேலி ஒரு மாரியில் அவர் பக்கமிருந்து அரை முழம் என் பக்கம் வந்துவிட்டது என்பது என் எண்ணம். என் பக்கமிருந்து அவர் பக்கம் போனது என்பது அவருடைய எண்ணம். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் கதைப்போம். அன்று பின்னேரம் அவரும் அதே படிவத்தோடு வேலிக்கு வந்தார். எங்கள் ஒழுங்கையின் ஏழு வீடும் என் மகளின் பொறுப்பு. அவருடைய வீட்டுக்கும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

"தம்பி, உன்ரை மோள் என்ன, வீடு வீடாய்க் கணக்கெடுக்கிற விதானையார் வேலை பாக்கிறாளோ?"

"பள்ளிக்கூடத்துச் செயற்றிட்டமாம் அண்ணை."

"அபிவிருத்தி எண்டு போட்டிருக்கு, பாத்தனியே? றோட்டு அபிவிருத்தி எண்டு வந்தவை, என்ரை முன்மதில் போச்சு. இப்ப கிணத்துக்கு அபிவிருத்தியாம். நாளைக்கு மீற்றர் பூட்டுவாங்கள். இறைக்கிற தண்ணிக்குக் காசு கட்டு எண்டுவாங்கள்."

"அப்பிடியும் செய்வினமோ?"

"பின்னை என்னத்துக்கு ஆழம் கேக்கிறாங்கள்? நீச்சலடிக்கவோ?"

அவர் படிவத்தை மடித்து இடுப்புச் சாரத்துக்குள் செருகினார். "உலகத்துக்கு எல்லாரும் பிரஜையானால் உரும்பிராய்க்கு ஆரப்பா பிரஜை?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. மீற்றர் என்ற சொல் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலையில் படிவத்தை நிரப்பினேன். மூட்டைக் கணக்கில் பாதியைத்தான் எழுதினேன். ஆழத்தையும் குறைத்தேன். ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் உண்மையாகப் பதில் எழுதினேன். "உங்கள் கிணற்று நீர் நல்லதா?" என்று இருந்தது. "நல்ல தண்ணி" என்று எழுதினேன்.

கடற்கரைப் பக்கம் போனால் கிணற்றில் உவர் தண்ணி. எங்கள் பக்கம் நல்ல தண்ணி. உப்புக் கரிக்காவிட்டால் நல்ல தண்ணி, கரித்தால் உவர். சிறு பிள்ளைகூட வாயில் விட்டுப் பார்த்துச் சொல்லும். இதைவிட வேறு நல்லது கெட்டது தண்ணீரில் உண்டு என்று எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தால் ஏழு வீட்டுப் படிவத்திலும் அந்த இடத்தில் அந்த இரண்டு சொல்தான் இருந்தது.

படிவத்தோடு ஒரு சின்னப் போத்தலும் வந்தது. வெளியே வீட்டு இலக்கம் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் கிணற்றுக் கட்டின் மேல் குனியக்கூடாது, வீட்டுக்காரரே நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட ரீச்சரின் கட்டளை.

"பம்பு போட முதல், விடிய, எங்கடை கிணத்திலை நிறைச்சு வையுங்கோ அப்பா. நான் எல்லா வீட்டுப் போத்தலையும் சேத்து எடுத்துக்கொண்டு போறன்."

"என்னத்தைப் பாக்கிறியள்?"

"நைத்திரேற்று."

அந்தச் சொல்லை இன்றுவரை எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. பசளை போட்டால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகுமாம். எனக்கு உடனே மூட்டைக் கணக்கு நினைவுக்கு வந்தது. படிவத்தில் பாதி எழுதியிருக்கிறேன். போத்தலில் இருக்கும் தண்ணீர் முழுக் கணக்கையும் சொல்லிவிட்டால்?

மறுநாள் விடியற்காலையில் போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் கோயிலடிக்குப் போனேன். கோயில் வீதியின் மேற்கு மூலையில் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றிவரத் தோட்டம் இல்லை, பசளை விழுகிற இடமில்லை. ஒருவரும் இல்லை. வாளியை இறக்கினேன். கயிறு கையில் ஈரமாகப் பட்டது. கிணற்றுக் கட்டின் மேலும் புதிதாகத் தண்ணீர் சிந்தியிருந்தது. ஐயர் வந்து குளித்திருப்பார் என்று நினைத்தேன். ஐயர் பூசைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது என்பது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

போத்தலை மகளிடம் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "வடிவாய் இருக்கு" என்று சொல்லிப் பைக்குள் வைத்தாள்.

இரண்டு கிழமையால் அவள் ஒரு வரைபடத்தின் படத்தைக் கைத்தொலைபேசியில் கொண்டுவந்து காட்டினாள். ஊரின் ஒழுங்கைகள், அவற்றில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு கிணறு. தண்ணீரில் ஒரு கடதாசித் துண்டைத் தோய்ப்பார்களாம். வெள்ளையாக நின்றால் பயமில்லை. சிவக்கச் சிவக்கக் கெடுதல். ஊர் முழுக்கச் சிவப்பும் இளஞ்சிவப்புமாக இருந்தது. எங்கள் ஒழுங்கை ஏழு சதுரமும் வெள்ளை.

"பாத்தீங்களோ? எங்கடை ஒழுங்கை மட்டும்தான் இப்பிடி. ரீச்சர் கேட்டவ, உங்கடை ஒழுங்கையிலை ஒருத்தரும் பசளையே போடுறேல்லையோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?" என்றேன்.

"அப்பா படிவத்திலை எழுதினதைச் சொன்னனான். கொஞ்சம்தான் போடுறவர் எண்டு."

அன்று மூத்த மகளும் வீட்டில் இருந்தாள். இணுவிலில் கலியாணம் செய்து கொடுத்தவள், முதல் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். தங்கையின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிவப்பாய் இருந்தால் என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாதாம் அக்கா. பச்சைக் குழந்தையளுக்குத்தான் கூடாது. இந்தத் தண்ணியிலை மாப்பால் கரைச்சுக் குடுத்தால் இரத்தத்திலை ஒட்சிசன் குறைஞ்சு போகுமாம். உதடு நீலமாய்ப் போகுமாம்."

"கொதிக்க வைச்சால் சரிதானே?" என்றாள் மனைவி.

"இல்லை அம்மா. கொதிக்க வைச்சால் தண்ணிதான் வத்தும், அது அப்பிடியே கிடக்கும். ருசியும் இல்லை, மணமும் இல்லை. குடிச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது."

மூத்தவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நல்ல காலம், எங்கடை வெள்ளை" என்றாள்.

நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனேன். கிணற்றடியில் கை கழுவும்போது ஒரு உள்ளங்கை தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் திசை மாறிவிட்டது. முன்பு பள்ளிக்கூடத்தையும் படிவத்தையும் சந்தேகித்தேன். இப்போது கிணற்றைப் பார்த்தாலே ஒரு மாதிரி. பசளை மூட்டையைத் தூக்கும்போது அண்ணை வேலியால் பார்க்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பதே பெரும் பாடு. வீட்டில் மூன்று பெண்களுக்கு முன்னால் பொய் சொன்னவன் என்று நிற்பது இன்னும் பெரும் பாடு. பிள்ளை பிறக்கட்டும், தாய்ப்பால்தானே குடிக்கப் போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன்.

பேரன் பிறந்தான். மூன்றாம் கிழமையில் மூத்தவளுக்கு மார்பில் கட்டி வந்து காய்ச்சல் அடித்தது. சுகமாகும் வரைக்கும் மாப்பாலும் சேர்த்துக் கொடுக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் சூப்பிப் போத்தல் வந்தது.

அடுத்த நாள் விடிய ஒரு தண்ணீர்க் கானைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போனேன்.

"என்ன கூத்து இது?" என்று மனைவி கேட்டாள்.

"கோயில் தண்ணி. பிள்ளைக்கு அதிலை கரையுங்கோ. குறை ஒண்டும் வராது."

"இஞ்சாருங்கோ, திருவிழாவுக்கே இழுத்துக்கொண்டு போனால்தான் வாற ஆள் நீங்கள். இப்ப என்ன திடீரெண்டு பக்தி?"

"பேரன் பிறந்தால் பக்தி வரக்கூடாதோ?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருசம் கூட இருந்தவளுக்கு என் முகம் தெரியும். ஆனால் அவள் வேறு எதையோ சந்தேகித்தாள். யாரோ செய்வினை சூனியம் என்று சொல்லி என்னைப் பயப்படுத்திவிட்டார்கள் என்று மூத்தவளிடம் சொன்னாளாம். அதுவும் ஒரு வசதி என்று விட்டுவிட்டேன்.

அண்ணையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வீட்டுக்குள்ளை ஏழு வாளி ஆழத்துக்குத் தண்ணி கிடக்க, இவர் கோயிலடிக்குப் போறார்" என்று ஒழுங்கையில் எனக்குக் கேட்கும்படி யாருக்கோ சொன்னார். நான் கேட்காதது மாதிரிப் போனேன்.

பதினொரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் கரட் பிடுங்கித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் கொண்டுவந்த கானில் பாதி இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. பலாலி வீதியில் வெள்ளம் நின்றது. பகல் ஒரு மணி தாண்டித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வாசல் படலைக்கு வரும்போதே குழந்தை கத்தும் சத்தம் கேட்டது. மூத்தவள் பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கொடியில் நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். இளையவள் சூப்பிப் போத்தலைக் குலுக்கிக் குலுக்கி, ஒரு துளியைத் தன் கையில் விட்டுச் சூடு பார்த்தாள். கான் குசினி வாசலில் சரிந்து கிடந்தது.

"தண்ணி எங்கையிருந்து?" என்றேன்.

"கானிலை இல்லை அப்பா. எங்கடை கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆத்தினனான்."

"குடுத்திட்டியோ?"

"இனித்தான். ஏன் பயப்பிடுறியள்? நான் சோதிச்ச கிணறுதானே."

அவள் குனிந்தாள். நான் ஈரச் சட்டையோடு உள்ளே போய் அந்தப் போத்தலை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். என் மகளின் கையிலிருந்து அதற்கு முன் நான் எதையும் பிடுங்கியதில்லை. முற்றத்தில் ஊற்றினேன். பால் மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று மனைவி கத்தினாள்.

"அது எங்கடை கிணத்துத் தண்ணி இல்லை."

"எது?"

"நான் குடுத்த போத்தல். கோயில் கிணத்திலை நிறைச்சுக் குடுத்தனான்."

மூத்தவள் பிள்ளையின் உதட்டை விரலால் துடைத்துப் பார்த்தாள். குடிக்கவில்லை என்று தெரிந்தும் துடைத்தாள். இளையவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனப்பா?"

மீற்றர் பூட்டுவார்கள், காணி போகும், மூட்டைக் கணக்கு என்று எல்லாம் வாய்வரை வந்தது. கானைத் தூக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மழைக்குள் கோயிலடிக்குப் போனேன். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. அந்த முகத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை என்பதும் உண்மை.

திரும்பி வந்தபோது இளையவள் எங்கள் கிணற்றுக் கட்டின் மேல் குடையோடு இருந்தாள். மாரி முடிந்து இரண்டாம் முறை பார்ப்பதற்கென்று ரீச்சர் கொடுத்த கடதாசித் துண்டுகள் ஒரு சின்னக் குப்பிக்குள் அவளிடம் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துத் தோய்த்திருந்தாள். கட்டின் மேல் அதை வைத்து, அழியாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். செவ்வரத்தம் பூவின் சிவப்பு.

"நல்ல தண்ணி எண்டு எழுதினீங்கள்" என்றாள்.

"உப்பில்லைத்தானே பிள்ளை. எனக்கு வேறை என்ன தெரியும்?"

அதற்கு அவள் கோபப்படவில்லை.

"உலகப் பிரஜை எண்டால் என்ன எண்டு அண்டைக்குக் கேட்டீங்கள். நான் பாடத்திலை இருந்ததைச் சொன்னனான். ரீச்சர் இதைத்தான் சொன்னவ. எங்கடை நிலத்துக்குக் கீழை சுண்ணாம்புக் கல்லு, ஓட்டை ஓட்டையாய். தண்ணி எல்லாப் பக்கமும் ஓடித் திரியும். நீங்களும் பக்கத்து வீட்டு மாமாவும் மேலை அரை முழத்துக்குக் கதைக்காமல் இருக்கிறியள். கீழை வேலியே இல்லை. நீங்கள் போட்ட பசளை அவையின்ரை கிணத்திலை, அவை போட்டது எங்கடை கிணத்திலை."

பிறகு கேட்டாள்: "மற்ற ஆறு வீட்டுப் போத்தலும் அப்பிடித்தானோ?"

ஈரக் கயிறு நினைவுக்கு வந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன்.

அடுத்த நாள் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை. "நான் எப்பிடி அப்பா ரீச்சருக்குச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள். அது கூப்பிட்டதைவிட மேல்.

ரீச்சருக்கு என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "இருங்கோ ஐயா" என்று கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடி, நிலத்தைப் பார்த்தபடி, மூன்று வசனத்தில் சொல்லி முடித்தேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம் ஐயா" என்றார். "கோயில் கிணத்தையும் நாங்கள் பாத்தனாங்கள். அதுவும் உங்கடை ஒழுங்கை மாதிரியே வெள்ளை. வேறை ஆரும் உங்களை மாதிரி…?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தேன். ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதிக் கொடுத்து என்ன நடந்தது என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

"என்ரை கிணறு மட்டும்தான் எனக்குத் தெரியும் ரீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு படிவக் கட்டை எடுத்து, என்னுடைய படிவத்தைத் தேடி என் கையில் தந்தார். மூட்டைக் கணக்கைத் திருத்தினேன். ஆழத்தையும் திருத்தினேன். "நல்ல தண்ணி" என்பதை வெட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

"ஒண்டு கேக்கலாமோ? இது பேந்து ஆரிட்டைப் போகும்?"

"படிவம் இஞ்சைதான் இருக்கும். வரைபடம் மட்டும் கல்விப் பணிமனைக்குப் போகும், அதிலை பேர் இல்லை. அதுக்குப் பிறகு ஆர் பாப்பினம் எண்டு எனக்கும் தெரியாது ஐயா."

எனக்கும் தெரியாது என்று ஒரு அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து ஒருவர் சொன்னதை என் வாழ்நாளில் முதன்முறை கேட்டேன். அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அதனால்தான் நம்பினேன். அதுவும் முழுவதாக இல்லை.

மகள் சுவரில் இருந்த வரைபடத்தில் எங்கள் சதுரத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினாள். வெள்ளை ஒழுங்கையில் ஒரே ஒரு சிவப்பு.

அந்தச் சேதி எங்களுக்கு முன்னால் ஒழுங்கைக்குப் போய்விட்டது. பின்னேரம் அண்ணை வேலிக்கு வரவில்லை. படலைக்கே வந்தார்.

"என்ன தம்பி, எங்களைக் காட்டிக் குடுத்திட்டு வந்தனியோ?"

"நான் என்ரை கிணத்தைத்தான் சொன்னனான்."

"உன்ரை சிவப்பெண்டால் பக்கத்திலை இருக்கிற என்ரையைப் பற்றிச் சனம் என்ன நினைக்கும்? உன்ரை கரட்டையும் வாங்கமாட்டாங்கள், என்ரை வெங்காயத்தையும் வாங்கமாட்டாங்கள்."

"உங்கடை பேரை ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணை. உங்கடை போத்தலைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

போத்தல் என்ற சொல்லோடு அவர் வாய் நின்றுவிட்டது. வந்த வழியே திரும்பிப் போனார். இனி வேலிப் பிரச்சினையோடு இதுவும் சேர்ந்து, நாங்கள் கதைக்காத விசயம் இரண்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடியக் கோயிலடிக்குப் போனபோது கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்டது. அண்ணை தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள், அதில் ஒரு கான். அவருடைய மகன் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அவர் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. தன் கானை நிறைத்துவிட்டு, கேட்காமலே என் கானையும் இழுத்து வைத்து நிறைத்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

"ஓம் அண்ணை."

கானின் மூடியைத் திருகிக்கொண்டே, ஐயர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உன்ரை மோளிட்டை அந்தக் கடதாசித் துண்டு இன்னும் இருக்கோ?"

"இருக்கும்."

"ஒண்டு கொண்டு வா. ஆருக்கெண்டு அவளுக்குச் சொல்லாதை. ஒழுங்கையிலையும் ஒருத்தருக்கும் சொல்லாதை."

வீட்டுக்கு வந்து இளையவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். "ஒரு கடதாசித் துண்டு வேணும். ஆருக்கெண்டு கேக்காதை" என்றேன்.

அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் குப்பியைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, ஆறு துண்டுகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள்.